முந்திச் செல்லும் பின்சக்கரம்

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் வரும் லாரிக்கு ரெட்டியார்சத்திரத்தில் ‘ஆக்சில் கட்’ ஆனால் டிரைவர் பதறுவதில்லை. லாரியின் பாரத்தைச் சுமப்பது பின்பக்கக் குழாயான ஹவுசிங். உள்ளே இருக்கும் ஆக்சிலுக்குச் சக்கரத்தைச் சுற்றிவிடுவது ஒன்றுதான் வேலை. அதனால் ஆக்சில் இரண்டு துண்டானாலும் லாரி நின்ற இடத்தில் நிமிர்ந்து நிற்கும். கிளீனர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுவார், உடைந்த பாதியை உருவுவார், உள்ளே மாட்டிக்கொண்ட மறுபாதியை எதையாவது விட்டு நோண்டி எடுப்பார், புது ஆக்சிலைச் செருகுவார். ஜாக்கிகூட வேண்டாம். தக்காளி வாடுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

அதே இடத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு ஆக்சில் உடைந்தால் சங்கதி வேறு. முதலில் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்து, காரின் ஒரு மூலை சாலையில் உட்காரும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திண்டாடும்போது, பக்கவாட்டில் ஒரு சக்கரம் பிரேக் டிரம்மையும் கூட்டிக்கொண்டு அவரை முந்திப் போகும். “யார் வண்டிச் சக்கரம் இப்படிக் கழன்று ஓடுகிறது?” என்று அவர் பதறி முடிப்பதற்குள் அது சாலையை விட்டு இறங்கி ஏதாவது ஒரு முருங்கைத் தோட்டத்துக்குள் போய்விடும்.

தைப்பூசச் சமயமாக இருந்தால் அவமானம் இரட்டிப்பு. திண்டுக்கல்–பழனி சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். மதுரையிலிருந்தும் காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் நடந்தே வந்து, பாதமெல்லாம் கொப்புளமாகிப் போனவர்கள், ஒருக்களித்துக் கிடக்கும் காரையும் அதன் பக்கத்தில் நிற்பவரையும் பார்த்து, “பாவம்” என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார்கள்.

ரெட்டியார்சத்திரத்தில் ஒருவரிடம் இப்படியொரு ஹெரால்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். (உண்மையிலேயே வைத்திருப்பவர்கள் தங்களைச் சொல்வதாக நினைத்துக் கோபிக்க வேண்டாம்; அவர்களுக்கு இருக்கும் துயரம் போதும்.) 1960-களின் கடைசியில் வந்த நாலு கதவு வண்டி. அப்பா வாங்கியதாகவோ, மாமனார் தலையில் கட்டியதாகவோ இருக்கலாம். நம் கார்க்காரர் அதைக் ‘கார்’ என்று சொல்லமாட்டார். ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பார். டீக்கடையில் தினமும் இதுவே வழக்கு.

“அண்ணே, நாலு கதவு வச்ச வண்டி எப்படிண்ணே ஸ்போர்ட்ஸ் காரு ஆகும்?”

“தம்பி, கதவை எண்ணாதீங்க. அடியில குனிஞ்சு பாருங்க.”

குனிந்து பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பது தெரியும். பிரிட்டனின் டிரையம்ப் கம்பெனி 1959-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிச்செலோட்டி என்ற இத்தாலியர். மூன்று வருடம் கழித்து, 1962-இல், அதே சேசிஸைக் குறுக்கி, அதே மிச்செலோட்டியிடம் வேறு சட்டை தைக்கச் சொல்லி, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை விட்டார்கள். அதுதான் ஸ்பிட்ஃபயர். உலகெங்கும் இன்றைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கொஞ்சிக்கொண்டிருக்கும் வண்டி. அதன் பின்பக்க ஏற்பாடு முழுக்க அண்ணன் ஹெரால்டு கொடுத்த சீதனம். ஆக்சில் உடைவதும் அதில் சேர்த்தி. லண்டனில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவரும் ரெட்டியார்சத்திரத்தில் ஹெரால்டு வைத்திருப்பவரும் ஒரே பாஷையில் அழுகிறார்கள்.

போதாததற்குச் சோழவரம் வேறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த மைதானம் வரும்வரை தென்னிந்தியாவின் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே என்ஜினை முறுக்கேற்றிய ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. “சோழவரத்துல ஓடுன வண்டி” என்று நம் கார்க்காரர் சொல்லும்போது, அவர் வண்டியே ஓடியதாகக் கேட்பவர் நினைத்துக்கொண்டால் அதை அவர் திருத்துவதில்லை.

இனி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அம்பாசடர், லாரி, ஜீப் எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ஒரே குழாயாக ஹவுசிங் போகும். இரண்டு சக்கரங்களும் அதன் இரு முனைகளில். ஹெரால்டில் அந்தக் குழாய் கிடையாது. நடுவில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரை ஆக்சில்கள். ஒவ்வொன்றுக்கும் டிஃபரன்ஷியல் ஓரத்தில் மட்டும் ஒரு யூ ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், வலது சக்கரத்திலிருந்து இடது சக்கரம் வரை. பள்ளத்தில் இறங்கினால் ஆக்சிலே கதவுபோல் மேலும் கீழும் ஆடும். கூடவே சக்கரமும் சாயும். இதற்கு ‘ஸ்விங் ஆக்சில்’ என்று பெயர். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மறு சக்கரத்துக்குத் தெரியாது. சொகுசுதான். ஆனால் இதில், காரின் பாரத்தைச் சுமப்பது, சக்கரத்தைச் சுற்றுவது, வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவது, சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது என்று நாலு வேலையும் அந்த ஒற்றைக் கம்பியின் தலையில். அது விட்டுக்கொடுத்தால் சக்கரத்தைப் பிடித்து வைக்க வேறு நாதியில்லை.

ஹெரால்டின் பின்பக்கத்தை முதன்முதலாக ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்பவர்கள் வண்டி உடைந்துவிட்டதென்றே நினைப்பார்கள். குத்துக்கால் போட்டு உட்காரப் போகிறவரின் முழங்கால் வெளியேயும் பாதம் உள்ளேயும் இருக்குமே, அப்படி இரண்டு சக்கரமும் கீழ்ப்பக்கம் உள்வாங்கித் தொங்கும். ஜாக்கியை இறக்கினாலும் நிமிராது. வண்டியை நாலடி உருட்டினால்தான் சக்கரங்களுக்குத் தாங்கள் யார் என்பது நினைவுக்கு வந்து நேராக நிற்கும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து திடுமெனக் காலை எடுத்தாலும் இந்தச் சேட்டை நடக்கும். அப்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள சமவெளிச் சாலைகளில் இதற்கு வாய்ப்புக் குறைவு. அதே காரில் கொடைக்கானல் போகிறவர்கள் குலதெய்வத்தையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

இந்த ஏற்பாட்டைக் கேவலமாகவும் பேசிவிட முடியாது. எட்மண்ட் ரும்ப்ளர் 1903-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 356, இறக்கை விரிப்பதுபோல் கதவு திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். எல்லாம் இதே குலம்தான். அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் இந்த அமைப்போடு வந்து, ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டது. ஹெரால்டின் முன்மாதிரிக் கார்கள் கேப் டவுனில் கிளம்பி, ஆப்பிரிக்கக் கண்டத்தை நெடுக்காகக் கடந்து, மொராக்கோவின் டாஞ்சியர் வரை போய்ச் சேர்ந்தன. பாலைவனத்தையும் காட்டையும் தாண்டியவைதான். ஆனால், பழனிக்கு மொட்டை போடப் புறப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தை அவற்றில் ஏற்றி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்தச் சோதனை சென்னையில் நடந்தது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961-இல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசடர் கல்கத்தா உத்தர்பாராவிலிருந்து, ஃபியட் பம்பாயிலிருந்து, ஹெரால்டு மெட்ராஸிலிருந்து. அன்றைய இந்தியனுக்குக் கார் என்றால் இந்த மூன்றுதான், அதுவும் முன்பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். மூன்றில் அழகு எதுவென்று கேட்டால் விவாதமே இல்லை. முன்பக்கம் பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். மாட்டுவண்டி திரும்பத் தயங்கும் தெருவில்கூட ஹெரால்டு திரும்பும். என்ஜின் மட்டும் 948 சி.சி.; பிரிட்டனில் வந்த முதல் ஹெரால்டில் அது கொடுத்த சக்தி 34.5 குதிரைத்திறன். ரெட்டியார்சத்திரத்தில் கோபிநாத சுவாமி மலைக்கோயில் இருக்கிறது. மாடு கன்றுக்கு நோயில்லாமல் இருக்க விவசாயிகள் வேண்டிக்கொள்ளும் சந்நிதி. முப்பத்துநாலரைக் குதிரைகளுக்கும் அங்கே வேண்டிக்கொள்ளலாமா என்று நம் கார்க்காரர் யோசித்ததுண்டு.

பிரிட்டனில் இரண்டு கதவோடு வந்த வண்டிக்கு இந்தியாவில் மட்டும் நாலு கதவு வைத்தார்கள். அதோடு வினை ஆரம்பம். நாலு கதவு இருந்தால் நாலு பக்கமும் ஆள் ஏறத்தானே செய்வார்கள்? பின்சீட்டில் பெரியவர்கள் நாலு பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள், டிக்கியில் அண்டா குண்டா. பின்பாரம் ஏறினால் ஸ்விங் ஆக்சிலில் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் மழமழவென்று தேயும். பாரம் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினால் இன்னொரு கூத்து: ஆள் இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் எதிர்ப்பக்கம் மடங்கும். இப்படி மடங்கி விரிந்து மடங்கி விரிந்து கடைசியில் ஆக்சில் கையை விரிக்கும்.

அன்றைய மெக்கானிக்குகள் இதற்காகக் கமிட்டி கூட்டவில்லை, அறிக்கை விடவில்லை. வண்டி வாங்கலாமா என்று கேட்டவரிடம், “பின்னாடி ஸ்விங் ஆக்சில், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்கள். போதாதா? 1971-இல் ஹெரால்டு நின்று, 1972-இல் அதே ஆலை கெசல் என்ற புது வண்டியை விட்டது. என்ஜின் அதே 948 சி.சி. உடம்பும் ஹெரால்டைத் தட்டி நிமிர்த்தியதுதான். ஆனால் பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்சில் போய், அம்பாசடர்க்காரர்களும் லாரிக்காரர்களும் கும்பிடும் பழைய முரட்டு ஹவுசிங் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தியாவில் வாங்குகிறவர்களும் மெக்கானிக்குகளும் ஸ்விங் ஆக்சிலை நம்பவில்லை என்பதுதான் காரணம். உலகமெல்லாம் ஹவுசிங்கிலிருந்து தனித்தனிச் சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மெட்ராஸ் மட்டும் தனித்தனிச் சக்கரத்திலிருந்து ஹவுசிங்குக்குத் திரும்பியது. பின்னோக்கிப் போன முன்னேற்றம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. இருந்தாலும், பொறியாளர் போட்ட படத்தை மரத்தடி மெக்கானிக்கின் ஒரு வரி மாற்றி எழுத வைத்தது நம் ஊர் மோட்டார் சரித்திரத்தில் பெரிய விஷயம்தான். அதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

சரி, ஆக்சில் ஏன் உடைகிறது? ஓவர்லோடு என்பார்கள், பள்ளம் என்பார்கள், கண் திருஷ்டி என்று பின் பம்பரில் பூசணிக்காய் படம் ஒட்டியவரும் இருப்பார். உண்மையில் அது ஒரே அடியில் உடைவதில்லை. வருடக்கணக்காக உடைந்துகொண்டே இருக்கிறது. 1842 மே 8-ஆம் தேதி பாரிஸ் பக்கத்தில் வெர்சாயிலிருந்து திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பார்வைக்கு நன்றாக இருந்த இரும்பு எப்படி முறிந்தது என்று ஐரோப்பாவே மண்டையை உடைத்துக்கொண்டது. அடுத்த வருடமே ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், தடிமன் மாறும் மூலையில்தான் விரிசல் பிறக்கிறது, அந்த மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடையுங்கள் என்றார். பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர், 1850, 60-களில் அச்சுகளைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு, சின்னப் பாரமும் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் எஃகு களைத்துப்போகும் என்று நிரூபித்தார். ஹெரால்டின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து பழனி போய்த் திரும்புவதற்குள் ஆக்சில் 40,000 தடவைக்கு மேல் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் நசுங்கியிருக்கும். நாற்பது ஐம்பது வருடம் அப்படி வாழ்ந்த பிறகு யாருக்குத்தான் களைப்பு வராது?

உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் கதை முழுக்க அதில் எழுதியிருக்கும். ஓரத்தில், பெரும்பாலும் ஹப் உட்காரும் கூம்பு முனையில் கீ வெட்டிய பள்ளத்தின் மூலையில், விரிசல் தொடங்கிய புள்ளி. அங்கிருந்து வளையம் வளையமாக, அலை ஒதுங்கிய தடங்கள், பளபளவென்று. மிச்சம் மட்டும் உடைத்த வெல்லக்கட்டி நிறத்தில் சொரசொரப்பு. கடைசி நாளில் ‘டொக்’ என்று போன பகுதி அதுதான். பளபளப்பு நிறைய, சொரசொரப்பு கொஞ்சம் என்றால், சாகும்போது அந்த ஆக்சில் சிரமப்படவில்லை என்று அர்த்தம். அதற்கு முன்பே பாதி செத்திருந்தது.

ஒன்று உடைந்துவிட்டது, மற்றது நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்பவர்களுக்குப் பழைய ரயில்வே பட்டறைகளில் ஒரு சோதனை உண்டு. ஆக்சிலை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் கலந்த ஆயிலில் ஊறவைத்து, துணியால் ஒட்டத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியை மெல்லிசாகப் பூசிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில், விரிசல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே வந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு போடும். செலவு, ஒரு சாக்பீஸ். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கார்க்காரர் முகத்தில் விழும் கோடுகளுக்குத்தான் மருந்தில்லை.

கழற்றும் வேலைக்கு வருவோம். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர், முன்னோக்கிப் போகும் கை எல்லாவற்றையும் விடுவித்து, டிஃபரன்ஷியல் ஓரத்தில் நாலு போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங் முனையிலிருந்து தொங்கும் இரும்பிலிருந்து நீண்ட போல்ட்டை உருவினால், ஆக்சில் ஹப்போடு கையில் வந்துவிடும். எழுதும்போது ஒரே வாக்கியம். அந்த நீண்ட போல்ட் மட்டும் துருப்பிடித்து உள்ளேயே குடியேறியிருந்தால், அந்த வாக்கியத்தின் கடைசிக் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை கடந்துபோகும்.

இந்நேரம் பட்டறை வாசலில் கூட்டம் சேர்ந்திருக்கும். பழைய காரைக் கழற்றும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தொழில்நுட்ப அறிவு தானாக ஊறும். வெல்டிங்காரர் எட்டிப் பார்த்து, “இதுக்கா இவ்வளவு பாடு? குடுங்க, வெல்டு வச்சு ஒட்டித் தாரேன்” என்பார். உடைந்த ஆக்சிலை வெல்டு வைத்தால் வெல்டு உடையாது, உண்மை. அதற்கு அடுத்த அரை அங்குலத்தில் சூடுபட்டு மொறுமொறுப்பான இடம் உடையும். இன்னொருவர், “ஆம்னி வேன் ஹவுசிங் ஒண்ணு கெடக்குண்ணே. ரெண்டு பிராக்கெட் அடிச்சு உக்கார வச்சிருவோம். ஆயுசுக்கும் தொந்தரவில்ல” என்பார். சொல்லப்போனால், 1972-இல் ஸ்டாண்டர்டு கம்பெனி எடுத்த முடிவும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதற்குச் சேசிஸில் கைவைக்க வேண்டும். அதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

உண்மையான போர் ஹப்போடுதான். கூம்பாகக் கடைந்த ஆக்சில் முனையில், நட்டு போட்டு இறுக்கி, பல வருட ஓட்டத்தில் கவ்விப்போன ஹப். சாதாரண மூன்று கால் புல்லர் போட்டால் புல்லரின் கால் உடையும், அல்லது ஹப்பின் விளிம்பு வளையும். டிரையம்ப் கம்பெனிக்காகவே சர்ச்சில் என்ற பெயரில் பிரத்தியேகக் கருவிகள் வந்தன. ஹப் கழற்றவும் ஒன்று உண்டு. வீல் ஸ்டட்களில் பூட்டிக்கொண்டு, நடுவில் முரட்டு போல்ட் ஆக்சிலைத் தள்ளும். போரில் ஜெயித்த பிரதமருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், ரத்தமும் வியர்வையும் கண்ணீரும் இதிலும் உண்டு. ரெட்டியார்சத்திரத்தில் அந்தக் கருவி கிடைக்காது. பெரிய தகடு ஒன்றில் ஸ்டட் துளைகள் போட்டு, நடுவில் ஒரு நட்டை வெல்டு வைத்து, உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான்.

போல்ட்டை இறுக்க வேண்டும். ரிஞ்சில் குழாயை மாட்டி நீட்டிக்கொண்டு இன்னும் இறுக்க வேண்டும். போல்ட்டின் தலையில் சம்மட்டியால் ஒரு போடு. அசையாது. கேஸ் கட்டரை எடுத்து ஹப்பைச் சுற்றிச் சூடு காட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி ஒரு போடு. அப்போதும் அசையாவிட்டால் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இறுக்கத்திலேயே கிடந்து தானாக விடும் ஹப்புகள் உண்டு. விடும்போது சத்தம் சாதாரணமாக இருக்காது. தீபாவளி அணுகுண்டு வெடித்ததாக நினைத்து நாய் குரைக்கும், பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பிடிப்பார். இதற்காகவே அனுபவசாலிகள் ஆக்சில் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு மரை விட்டு வைப்பார்கள். அது இல்லையென்றால் ஹப் பறந்துபோய் எதிர்ச்சுவரில் தன் பெயரை எழுதும்.

புது ஆக்சிலுக்கு எங்கே போவது? முதல் யோசனை சென்னை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது உதிரிபாகம், புதுப்பேட்டையில் பழையது. புதுப்பேட்டையில் கிடைப்பதும் இன்னொரு ஹெரால்டு அரை நூற்றாண்டு சுமந்து களைத்த ஆக்சில்தான். அதற்கும் சாக்பீஸ் பொடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அடுத்தது பிரிட்டன். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் அங்கே புது ஆக்சில் இன்றும் வருகிறது. ஆனால் 1973 வாக்கில் ஸ்பிட்ஃபயரின் பின்பக்கத்தை அகலமாக்கினார்கள். அதற்குப் பிந்தைய ஆக்சிலை வரவழைத்தால் நீளம் கூடி, ஹெரால்டின் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வந்து ஊரைப் பார்க்கும். சரியானதையே வரவழைத்தாலும் கப்பல் கூலி, சுங்கம் என்று சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மிச்சம் இருப்பது லேத் பட்டறை. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் அச்சு கடைகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் பேசுவது ஈ.என். பாஷை: ஈ.என். 8, ஈ.என். 19, ஈ.என். 24. போர்க்காலப் பிரிட்டன் எஃகு வகைகளுக்கு வைத்த எண்கள் இவை. பிரிட்டனே வேறு எண்ணுக்குப் போய்விட்டாலும் நம் லேத் பட்டறைகளில் அவைதான் இன்றும் ஆட்சி. “ஈ.என். 8 போதும்ண்ணே, மோட்டார் ஷாஃப்டுக்கெல்லாம் அதான் போடுறோம்” என்று யாராவது சொன்னால் மயங்கக் கூடாது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈ.என். 24 வாங்கி, கடைந்து, பதம் போட வேண்டும். ஹப் பக்கத்து நீடில் பேரிங்குக்குத் தனி உள்வளையம் கிடையாது. ஊசிகள் நேரே ஆக்சில் உடம்பின்மேலேயே உருளுகின்றன. அந்த இடத்தை மட்டும் தனியாகக் கடினப்படுத்தி, கிரைண்டிங் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச நாளில் ஊசிகள் ஆக்சிலில் வாய்க்கால் வெட்டிவிடும்.

லேத்தில் நிற்பவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: தடிமன் மாறும் இடத்தில் மூலையைக் கூராக வெட்டிவிடாமல், டூலின் முனையை உருட்டி வளைவாக விடச் சொல்ல வேண்டும். ராங்கின் 1843-இல் சொன்னதைத்தான் அவருக்கும் சொல்கிறோம். ராங்கின் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. “ரேடியஸ் விட்டுருங்கண்ணே” என்றால், “அது தெரியாமலா லேத் ஓட்டுறேன்?” என்பார்.

மாட்டும்போது பேரிங், ஆயில் சீல், யூ ஜாயின்ட் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுவது உத்தமம். இவற்றின் விலையை மிச்சப்படுத்தினால் மறுபடி அந்த ஹப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், அதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? இன்னொன்று, ஸ்பிரிங் முனை, கை, ஷாக் எல்லாவற்றின் போல்ட்டுகளையும் வண்டி தரையில் நின்று, உருண்டு, சக்கரம் நிமிர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ்கள் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். வண்டி எப்போதும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்தச் சட்டச் சிக்கல். பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பைக் கேட்டால், 1930-க்குள் பிறந்ததுதான் விண்டேஜ்; ஹெரால்டு நேற்றுப் பிறந்த குழந்தை. இந்திய அரசு அவ்வளவு கறார் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டி விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிகிறவர்களுக்கு எண்ணில் ‘வி.ஏ.’ வரும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆம்னி ஹவுசிங் யோசனை இங்கேதான் அடிபடுகிறது. சேசிஸில் பிராக்கெட் அடித்தால் ஆயுசுக்கும் தொந்தரவில்லை, விண்டேஜும் இல்லை. கடைசியாக வந்த கெசல்கள் 1977 மாடல். ஹவுசிங் ஆக்சிலை உண்மையிலேயே விரும்புகிறவர்கள் கொஞ்சம் பொறுத்தால் அவையும் அரசாங்கக் கணக்கில் பழசாகிவிடும்.

விதியின் அருமையான பகுதி இது: விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். நம் கார்க்காரருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் வண்டியை எடுத்ததெல்லாம் பராமரிப்புக்குத்தான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் போலீஸ் மறித்து, “எங்க சார் போறீங்க?” என்று கேட்டால், “பட்டறைக்கு” என்று சொல்லலாம். ஹெரால்டு விஷயத்தில் அது எப்போதுமே உண்மையாக இருக்கும்.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வாங்கும் எண்ணத்தோடு இதைப் படித்துக்கொண்டிருந்தால், பெயிண்டையும் குரோமையும் பார்த்துச் சொக்கிப்போகாமல், பின் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். பின் ஹப்பில் கிரீஸ் போடும் இடத்தை விற்பவருக்குக் காட்டத் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லையென்றால் அங்கே கிரீஸ் போயே பல வருடம் ஆகியிருக்கும், விலையில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆக்சில் உடைந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே தூரம் ஓடியவை. உடைந்த துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அந்த ஆக்சிலின் அளவைக் கையில் வைத்துப் பார்க்க இருக்கும் வரைபடம் அதுதான். அடுத்த ஹெரால்டுக்காரர் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்குப் போகும்போது உங்களிடம் வந்துதான் கேட்பார்.